சூரைச் செடியின் அடியில் ஓர் அப்பம்

வானொலி மறையுரை: பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு
வாசகங்கள்: 1 அரசர்கள் 19:4-8, எபேசியர் 4:30-5:2, யோவான் 6:41-51



இன்றைய முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எலியாவைப் பாலைநிலத்தில் காண்கிறோம். சில நாள்களுக்கு முன்புதான் கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனி ஆளாக நின்று வென்றவர் அவர். மக்கள் எல்லாரும் முகம்குப்புற விழுந்து, ஆண்டவரே கடவுள் என்று அறிக்கையிடச் செய்தவர். அப்படிப்பட்டவர் அரசி ஈசபேலின் ஒரு மிரட்டலைக் கேட்டு உயிருக்கு அஞ்சி ஓடுகிறார். பெயேர்செபாவில் தம் பணியாளரை விட்டுவிடுகிறார். ஒருநாள் முழுவதும் தனியாக நடக்கிறார். ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, தமக்குச் சாவு வரட்டும் என்று மன்றாடுகிறார். பிறகு படுத்துத் தூங்கிவிடுகிறார்.

அன்பார்ந்தவர்களே, இந்த மன்றாட்டைத் திருவிவிலியம் மறைக்கவில்லை. இவ்வளவு பெரிய இறைவாக்கினர் இப்படிச் சொல்லலாமா என்று நாணப்படவுமில்லை. அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். வானதூதர் வருகிறார். உன் நம்பிக்கை எங்கே போயிற்று என்று அவர் கேட்கவில்லை. உன்னைவிடத் துன்பப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று பாடம் நடத்தவில்லை. எலியாவைத் தட்டி எழுப்பி, உண்ணச் சொல்கிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் அவருடைய தலைமாட்டில் இருக்கின்றன. எலியா உண்டு குடித்து மறுபடியும் படுத்துக்கொள்கிறார். வானதூதர் சலித்துக்கொள்ளாமல் இரண்டாம் முறையும் வருகிறார். பயணம் நெடியது, அதனால் சாப்பிடு என்கிறார். ஆண்டவர் எலியாவோடு பேசியது அதற்குப் பின்னர், ஓரேபு மலையில். முதலில் உணவு, உறக்கம், பக்கத்தில் ஒருவர். பேச்செல்லாம் பிறகு.

இன்று நான் உங்களோடு பேச விரும்புவது, நம் வீடுகளில் சூரைச் செடியின் அடியில் படுத்திருக்கும் நம் பிள்ளைகளைப் பற்றி. பேசத் தயங்கும் பொருள்தான். ஆனால் நாம் பேசாமல் இருப்பதால் இந்தத் துன்பம் குறைவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்திருக்கிறார்கள். அவர்களில் 13,044 பேர் மாணவ மாணவியர். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் சுமார் 35 பிள்ளைகள். மாநிலங்களின் வரிசையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நம் தமிழ்நாடு இருக்கிறது: 19,834 பேர். உலக அளவில் 15 முதல் 29 வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தக் கணக்கில் இடம்பெற்ற ஒவ்வொருவரையும் யாரோ ஒரு தாய் பெயர் சொல்லி அழைத்திருப்பார். யாரோ ஒரு பங்கில் திருமுழுக்குக் கொடுத்து, புதுநன்மைக்கு வெள்ளை உடை உடுத்தி அழைத்து வந்த பிள்ளைகளும் இதில் உண்டு.

இப்படி ஒரு மரணம் நடந்தவுடன் ஊரில் எழும் பேச்சு நமக்குத் தெரியும். "மார்க்குக் குறைஞ்சுபோச்சாம்." "அப்பா திட்டினாராம்." "செல்போனைப் பிடுங்கி வச்சாங்களாம்." "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனத்திடம் இல்லை." "கோவிலுக்கு வராத வீடு, வேறென்ன நடக்கும்?" ஒரே வரியில் காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறோம். வைக்கோல் போர் எரிந்துபோனால் கடைசியாக விழுந்த தீக்குச்சியைத்தான் நாம் பார்க்கிறோம். போர் எத்தனை நாளாகக் காய்ந்து கிடந்தது, காற்று எப்படி அடித்தது, பக்கத்தில் தண்ணீர் ஏன் இல்லை என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவம் நமக்குச் சொல்வது இதுதான்: தற்கொலைக்கு ஒரே ஒரு காரணம் இருப்பது அரிது. உடல், மனம், வீடு, சமூகம் எல்லாம் சேர்ந்தே ஒரு பிள்ளையை அந்த விளிம்புக்குக் கொண்டுபோகின்றன.

முதலில் உடலைப் பார்ப்போம். மூளையும் உடலின் ஓர் உறுப்புதான். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதிதான் நிதானிக்கவும், விளைவை எண்ணிப் பார்க்கவும், வேகத்தை அடக்கவும் நமக்கு உதவுகிறது. அந்தப் பகுதி முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 25 வயது ஆகிறது. ஆனால் அச்சம், கோபம், அவமானம், ஆசை ஆகிய உணர்ச்சிகளை எழுப்பும் பகுதிகள் பதின்பருவத் தொடக்கத்திலேயே வேகமாக வேலைசெய்யத் தொடங்கிவிடுகின்றன. என்ஜின் பெரிய வண்டியின் என்ஜின். பிரேக் இன்னும் பொருத்தி முடியவில்லை. 16 வயதுப் பிள்ளைக்கு ஓர் அவமானம் உலகமே முடிந்துவிட்டதுபோலத் தோன்றுவது நடிப்பும் அன்று, பிடிவாதமும் அன்று. அந்த நேரத்தில் அவனுக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்து, மூளையின் நரம்புகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருள்கள். அவற்றுள் ஒன்று செரடோனின். மனநிலை, உறக்கம், பசி, வேகத்தை அடக்கும் ஆற்றல் ஆகியவற்றில் அதற்குப் பங்கு உண்டு. 1976ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர் மரீ ஆஸ்பெர்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும், மனச்சோர்வு நோயாளிகளின் தண்டுவட நீரைச் சோதித்தார்கள். செரடோனின் சிதைந்து உண்டாகும் பொருள் யாரிடம் குறைவாக இருந்ததோ, அவர்களிடையே தற்கொலை முயற்சி அதிகம் என்று கண்டார்கள். ஒரே ஒரு வேதிப்பொருளால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பது உண்மை. ஆனாலும், வெறும் மன உறுதியின் குறைவு என்று நாம் பழித்த ஒன்றில் உடலுக்கும் பங்கு இருக்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது.

பரம்பரையும் உண்டு. ஒரே உருவ இரட்டையரையும் மற்ற இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், இந்தப் போக்கு ஓரளவு குடும்ப வழியாக வருகிறது என்று தெரிந்திருக்கிறது. சர்க்கரை நோய் உள்ள குடும்பத்தில் பிறந்த எல்லாருக்கும் சர்க்கரை வருவதில்லை. ஆனால் அவர்கள் கவனமாக இருக்கிறார்கள் அல்லவா? இதுவும் அப்படித்தான். உங்கள் வீட்டில் முன்பு யாராவது இவ்விதம் இறந்திருந்தால் அதைச் சாபம் என்று எண்ணாதீர்கள், மூடி வைக்கவும் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உறக்கத்தையும் சொல்லவேண்டும். பதின்பருவத்தில் உடலின் கடிகாரம் தானாகவே சற்றுப் பின்னுக்குப் போகிறது. இரவு நேரம் கழித்தே தூக்கம் வருகிறது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. நாமோ இரவு பதினொன்று வரை படிக்க வைத்து, விடியற்காலை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்புகிறோம். இடையில் செல்போனும் தூக்கத்தில் பங்கு கேட்கிறது. உறக்கக் குறைவு மனச்சோர்வை வளர்க்கிறது, தற்கொலை எண்ணத்துக்கும் துணைபோகிறது. எலியாவைத் தூங்கவிட்ட ஆண்டவர் தேர்வுக் காலத்தில் நம் பிள்ளைகளையும் தூங்கவிடச் சொல்வார் என்றே நான் நம்புகிறேன்.

இன்னொன்று. மனநோய்கள் முதியவர்களுக்கு வருபவை என்று பலர் எண்ணுகிறோம். 2005இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின்படி, வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. நான்கில் மூன்று 24 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன. பிள்ளை எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே நோய் வாசலுக்கு வந்திருக்கலாம். "வயசுக் கோளாறு, சரியாப் போயிடும்" என்று நாம் பத்து ஆண்டுகளைக் கடத்திவிடக் கூடாது.

இனி மனத்தைப் பார்ப்போம். அமெரிக்க உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மன் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஆய்வுக்கே கொடுத்தவர். இவர்கள் சாவைத் தேடுவதைவிட, தாங்க முடியாத மனவலியிலிருந்து விடுதலையைத் தேடுகிறார்கள் என்பதே அவர் சொன்னதன் சாரம். வலி கூடும்போது பார்வை குறுகிப்போகிறது. கிணற்றுக்குள் நின்று மேலே பார்ப்பவருக்கு வானம் ஒரு தட்டளவே தெரியும். அதுபோல, நாம் பத்து வழிகளைப் பார்க்கும் இடத்தில் அந்தப் பிள்ளை ஒரே ஒரு வழியைத்தான் பார்க்கிறது.

மற்றோர் அறிஞரான ஏரன் பெக், சோகத்தைவிட ஆபத்தானது நம்பிக்கையிழப்பு என்று தம் ஆய்வுகளில் காட்டினார். இன்று அழுகிறேன் என்பது வேறு. நாளையும் இப்படியே இருக்கும், என்றைக்கும் மாறாது என்பது வேறு. அதனுடன் வேறு இரண்டு எண்ணங்களும் சேரும்போது ஆபத்து மிகுகிறது. ஒன்று, எனக்கென்று யாரும் இல்லை என்பது. மற்றொன்று, நான் இருப்பதே மற்றவர்களுக்குப் பாரம் என்பது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு இந்த இரண்டாவது எண்ணத்தை நாமே ஊட்டிவிடுகிறோம். "உனக்காகத்தான் நகையை அடகு வச்சேன்", "உன்னாலதான் கடன்", "உன்னைப் பெத்ததுக்கு…" என்று வீட்டில் சோற்றோடு சேர்த்துச் சொல்கிறோம். கோபத்தில் சொல்கிறோம், மறந்துவிடுகிறோம். பிள்ளை மறப்பதில்லை.

முதல் மதிப்பெண் எடுக்கும் பிள்ளைக்கு ஆபத்து இல்லை என்றும் எண்ணாதீர்கள். குறையே இருக்கக்கூடாது என்று தன்னைத் தானே வதைக்கும் பிள்ளைக்கு இரண்டாம் இடமே தோல்விதான். எலியாவும் தோல்விக்குப் பிறகு அன்று, வெற்றிக்குப் பிறகுதான் சூரைச் செடியின் அடிக்குப் போனார் என்பதை மறக்கவேண்டாம். இவற்றோடு பள்ளியில் நிறத்தையும் சாதியையும் உடலையும் சொல்லிக் கேலி செய்வது, வீட்டில் குடித்துவிட்டு அடிக்கும் தந்தை, வெளியே சொல்ல முடியாத பாலியல் கொடுமை, முறிந்துபோன காதல், அலைபேசியில் பரவிய ஒரு படம் என்று காய்ந்த வைக்கோல் பலவிதமாகச் சேருகிறது. மனநோய் என்று சொல்லிவிட்டு இந்த அநீதிகளை நாம் மறைக்கக்கூடாது. பிள்ளைக்கு மருந்து தேவைப்படலாம். கேலி செய்யும் வகுப்பறைக்கும் அடிக்கும் கைக்கும் மனமாற்றம் தேவை.

அப்படியென்றால் இது தலைவிதியா? இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், 1937க்கும் 1971க்கும் இடையே உயிரை மாய்க்கப்போய்க் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரின் பிற்கால வாழ்வை ரிச்சர்ட் சைடன் என்பவர் ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார். அவர்களில் ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையான காரணங்களால் இறந்திருந்தார்கள். இன்று தடுத்தால் நாளை வேறு வழியில் செய்துகொள்வார்கள் என்று நாம் சொல்வது பெரும்பாலும் தவறு. அந்த இருள் ஓர் அலைபோல எழுந்து வருகிறது, பிறகு இறங்குகிறது. அலை எழும் அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்தால், ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் இருந்தால், ஓர் உயிர் நிலைக்கிறது. ஆகவே வயல் வைத்திருப்பவர்கள் பூச்சிமருந்தைப் பெட்டியில் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைப் பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி விட்டுவைக்காதீர்கள். சிறிய செயல்தான், உயிர் காக்கும் செயல்.

திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்தில், பிலிப்பி நகரச் சிறைக் காவலரைப் பற்றி வாசிக்கிறோம். நள்ளிரவில் நிலநடுக்கம். கதவுகள் திறந்து கிடக்கின்றன. கைதிகள் தப்பியோடிவிட்டார்கள் என்று எண்ணி, அவமானத்துக்கும் தண்டனைக்கும் அஞ்சி, அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முனைகிறார். அப்போது பவுல் இருளுக்குள்ளிருந்து உரத்த குரலில் அவரைத் தடுக்கிறார். தாங்கள் எல்லாரும் அங்கேயே இருப்பதாகச் சொல்கிறார். அந்த ஒரு குரல் போதுமானதாக இருந்தது. காவலர் விளக்கைக் கொண்டுவரச் சொல்கிறார். விடிவதற்குள் அவருடைய வீட்டில் விருந்து நடக்கிறது. கவனியுங்கள், அவர் நினைத்ததுபோல எதுவும் நடந்திருக்கவே இல்லை. இருட்டில் அவருக்கு அது தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் இருக்கிறோம் என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

அந்தக் குரலாக நாம் இருப்பது எப்படி? முதலில், கேளுங்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, நண்பர்களை விட்டு விலகுகிறான், விரும்பிய விளையாட்டையும் பாட்டையும் விட்டுவிட்டான், தான் அருமையாக வைத்திருந்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுகிறான், நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்கிறான். இவற்றைக் கண்டால், பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள்: "கண்ணு, செத்துப்போகலாம்னு உனக்குத் தோணுதா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். பள்ளி மாணவரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்று காட்டியிருக்கின்றன. கேட்பதால் சுமை இறங்குகிறது. பிள்ளை "ஆமாம்" என்று சொன்னால் பதறாதீர்கள், அடிக்காதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். "சொன்னது நல்லதும்மா. நான் இருக்கேன். சேர்ந்து போய் டாக்டரைப் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அன்றைக்கு அவனைத் தனியே விடாதீர்கள்.

இரண்டாவது, மருத்துவரிடம் போங்கள். நம் ஊர்களில் தாய்மார் பிள்ளையை அழைத்துக்கொண்டு பங்குத்தந்தையின் வீட்டுக்கு வருவார்கள். "சாமி, ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல. எதையோ கண்டு பயந்துட்டான் போல. தலைமேல கை வச்சு ஜெபிச்சு விடுங்க சாமி" என்பார்கள். நாங்கள் மகிழ்ச்சியோடு செபிக்கிறோம். ஆனால் செபித்து முடித்தவுடன் எந்தக் குருவும் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: "அம்மா, நாளைக்குக் காலையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. அங்கே மனநலப் பிரிவு இருக்கு." இது நம்பிக்கையின் குறைவு அன்று. சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் மருத்துவரை மதிக்கச் சொல்கிறது. மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, உரையாடல் வழியான சிகிச்சையும் உண்டு. மருந்து வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். இளையோருக்குத் தொடக்க வாரங்களில் மருத்துவரின் நெருக்கமான கண்காணிப்பு தேவை. கொஞ்சம் தேறியவுடன் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

தோபித்து நூலில் சாராவின் வரலாறு எனக்கு எப்போதும் ஆறுதல் தருவது. பழிச்சொல் தாங்காமல் அந்த இளம்பெண் சாக நினைக்கிறாள். தன் தந்தையை நினைத்துப் பார்த்து அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, சன்னலருகே நின்று மன்றாடுகிறாள். அதே நேரத்தில் தொலைவில் நினிவே நகரில் பார்வை இழந்த தோபித்தும் சாவை வேண்டுகிறார். இரண்டு மன்றாட்டுகளையும் கடவுள் கேட்கிறார். ஆனால் அவர்கள் வேண்டிய சாவை அவர் கொடுக்கவில்லை. இரபேலை அனுப்புகிறார். இரபேல் என்றால் கடவுள் குணமாக்குகிறார் என்று பொருள். அந்த வானதூதரும் ஒரு வழித்துணையாக வந்து, மீனின் பித்தப்பையை மருந்தாக்கித்தான் தோபித்தின் கண்களுக்கு ஒளி தருகிறார். செபமும் மருந்தும் துணையும் அங்கே ஒன்றாகவே வருகின்றன.

மூன்றாவது, இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டு நாள்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். 14416: இது டெலி மனஸ் என்னும் அரசின் மனநல உதவி எண். கட்டணம் இல்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். 104: தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண். 044-24640050: சென்னையில் 1986ஆம் ஆண்டு முதல் பணியாற்றும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம். சட்டத்துக்கு அஞ்சி யாரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கவேண்டாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முயற்சி செய்து பிழைத்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பதை அரசின் கடமையாக்குகிறது.

இப்போது, ஏற்கெனவே ஒரு பிள்ளையை இவ்விதம் இழந்து இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, உங்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை நரகத்துக்குப் போய்விட்டான் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். திரு அவை அப்படிச் சொல்லவில்லை. உயிர் கடவுளின் கொடை, அதை மாய்க்க நமக்கு உரிமை இல்லை என்று திரு அவை உறுதியாகக் கற்பிக்கிறது. அதே கத்தோலிக்க மறைக்கல்வி நூல் 2282, 2283ஆம் எண்களில், கடுமையான உளநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைத்துவிடும் என்றும், இவ்வாறு இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நாம் நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும், திரு அவை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் கற்பிக்கிறது. 1917ஆம் ஆண்டின் திரு அவைச் சட்டம், தெரிந்தே தம் உயிரை மாய்த்தவர்களுக்குத் திருச்சடங்குடன் அடக்கத்தை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தொகுப்பு அந்த வரிசையிலிருந்து அவர்களை எடுத்துவிட்டது. ஆகவே எந்த ஊரிலாவது "இவனுக்கு மணி அடிக்கக் கூடாது, பூசை கூடாது, கல்லறையில் ஓரமாகப் புதையுங்கள்" என்று யாரேனும் சொன்னால், அது பழைய பழக்கம். இன்று திரு அவையின் சட்டம் அன்று. மணி அடிக்கட்டும். பூசை நடக்கட்டும். மக்கள் கூடி வரட்டும்.

சென்ற வாரம் குருக்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னியின் விழாவைக் கொண்டாடினோம். கணவரை இவ்விதம் இழந்து துயரத்தில் மூழ்கிய ஒரு பெண் ஆர்ஸ் ஊருக்கு வந்தபோது, அவர் வாய்திறக்கும் முன்னரே, அவருடைய கணவருக்கு அந்தக் கடைசிக் கணத்தில் மனம்வருந்த நேரம் கிடைத்தது என்று புனிதர் ஆறுதல் சொன்னதாக அவருடைய வரலாற்றில் படிக்கிறோம். நாம் பார்க்காத அந்தக் கணத்தில் கடவுள் இருக்கிறார். ஆகையால், நான் அன்றைக்கு அவனைத் திட்டாமல் இருந்திருந்தால் என்று உங்களையே வாட்டிக்கொண்டிருக்கும் பெற்றோரே, நீங்கள் பார்த்தது தீக்குச்சியை மட்டும்தான். உங்கள் பிள்ளைக்கு இருந்த நோயை நீங்கள் உண்டாக்கவில்லை.

இந்த இரக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞனே, இளம்பெண்ணே, இதை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதே. கடவுளின் இரக்கம் நீ உயிரோடு இருப்பதையே விரும்புகிறது. உன் சாவை வேண்டி நீ அழுதாலும், எலியாவுக்குச் செய்ததுபோல அதை அவர் ஒரு பக்கம் வைத்துவிட்டு, உன் தலைமாட்டில் ஓர் அப்பத்தை வைக்கிறார். உன் மூளை இன்றைக்கு உனக்குச் சொல்லும் "எதுவும் மாறாது" என்ற பேச்சு, காய்ச்சலில் வரும் பிதற்றல் போன்றது. காய்ச்சல் இறங்கும். இன்று நீ செய்யவேண்டியது மூன்றே மூன்று. கொஞ்சம் சாப்பிடு. இயன்ற அளவு தூங்கு. ஒருவரிடமாவது சொல். அம்மாவிடம் முடியாவிட்டால் அத்தையிடம், ஆசிரியரிடம், மறைக்கல்வி சிஸ்டரிடம், உன் பங்குத்தந்தையிடம், அல்லது 14416க்கு. வாயில் சொற்கள் வராவிட்டால், "எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை, என் பக்கத்தில் இருங்கள்" என்று ஒரு தாளில் எழுதிக் கொடு. அது போதும்.

பங்கு மக்களே, நம் அன்பியங்கள் செபமாலை சொல்வதோடு நிற்கவேண்டாம். தேர்வு முடிவு வரும் நாளில், தேறாத பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போங்கள். இனிப்பு உள்ள வீட்டுக்கு எல்லாரும் போவார்கள். துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வருகிறது, ஓர் ஆண்டு வீணாகாது என்று எடுத்துச் சொல்லுங்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் இரண்டு வாரம் வராத பிள்ளையைத் தேடிப் போங்கள். இளையோர் இயக்கத்தினர் ஒருவரை ஒருவர் கேலி செய்வதைக் கண்டால் அங்கேயே தடுத்து நிறுத்துங்கள். கசப்பையும் சினத்தையும் கூச்சலையும் விட்டு ஒருவருக்கொருவர் இரக்கம் காட்டுமாறு இன்று பவுல் நம்மைக் கேட்பது, நம் வீட்டுச் சாப்பாட்டு வேளையில்தான் முதலில் நிறைவேறவேண்டும்.

இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் தம்மையே விண்ணகத்திலிருந்து இறங்கிவந்த உணவு என்கிறார். மனிதர் உண்டு உயிர் வாழவேண்டும் என்பதற்காகத் தம்மையே உணவாகத் தருகிறவர் அவர். அந்த அப்பத்தைக் கையில் வாங்கி "ஆமென்" சொல்லும் நாம், திருப்பலி முடிந்து வெளியே போகும்போது, யாருடைய தலைமாட்டிலாவது ஓர் அப்பத்தையும் ஒரு குவளைத் தண்ணீரையும் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். முதல் முறை எழுப்பியும் அவர் மறுபடி படுத்துக்கொண்டால், வானதூதரைப்போல இரண்டாம் முறையும் போவோம்.

மன்றாடுவோம். இரக்கமுள்ள ஆண்டவரே, பாலைநிலத்தில் எலியாவைத் தேடிவந்தவரே, வாழ்வு கசந்துபோன எம் பிள்ளைகளைத் தேடிவாரும். அவர்களின் உடலுக்கு உறக்கத்தையும், மனத்துக்கு நாளை என்னும் நம்பிக்கையையும், பக்கத்தில் ஒரு துணையையும் தாரும். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஆற்றுப்படுத்துவோருக்கும் பொறுமையைத் தாரும். நாங்கள் இழந்த பிள்ளைகளை உம் கைகளில் ஏற்றுக்கொள்ளும். அவர்களுக்காக அழுகின்ற பெற்றோரின் கண்ணீரைத் துடைத்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.